நான் அழித்த பதினெட்டு நிமிடங்கள்

சென்ற மாதம் பல்கலைக்கழகத்திலிருந்து ஓர் இளம் விரிவுரையாளர் என்னைத் தொலைபேசியில் அழைத்தார். திரைப்படமும் கணினி ஊடகமும் சேர்ந்த எங்கள் துறைக்குப் புதுக் கட்டடம் வந்திருக்கிறதாம். அதற்கு ஒரு மலர் போடுகிறார்களாம்.

"அங்கிள், நீங்கதான் எங்க முதல் டெக்னீஷியன். இருபத்தாறு வருஷத்துல ஒரு டேப்பக்கூட தொலைக்காத, அழிக்காத ஆளுன்னு எல்லாரும் சொல்றாங்க. அந்த அனுபவத்த எங்களுக்கு எழுதிக் குடுங்களேன்" என்றார்.

புகழ்ச்சி காதில் விழுந்ததும் சரி என்று சொல்லிவிட்டேன். தொலைபேசியை வைத்த பிறகுதான் திரும்ப அழைத்து மறுத்துவிடலாமா என்று யோசித்தேன். ஏனென்றால் அது உண்மையில்லை. ஒரு டேப்பை நான் அழித்திருக்கிறேன். வேறு யாரோ செய்த தவற்றை என் தலையில் போட்டுக்கொண்ட தியாகக் கதை அல்ல இது. என் கையால், என் அறையில், நானே போட்ட விதிப்படி அழித்தேன். அதைப் பதிவேட்டிலும் எழுதி வைத்தேன். பதிவேட்டை யாரும் திறந்து பார்ப்பதில்லை என்பதால்தான் என் பெயர் இத்தனை வருஷம் கெடாமல் இருந்திருக்கிறது.

எழுதுவதற்கு முன் தேவகியிடம் அனுமதி கேட்டேன். அழிந்தது அவளுடைய டேப். இப்போது செராஸில் சொந்தமாக ஸ்டூடியோ வைத்திருக்கிறாள். சிரித்துவிட்டு, "தாராளமா எழுதுங்க அங்கிள். ஆனா எங்கம்மா சொன்னத மாத்தாம எழுதணும். அவங்க படிச்சுப் பாப்பாங்க" என்றாள். எனவே இது அவள் அம்மாவுக்குப் பயந்து எழுதப்படும் கட்டுரை.

எழுபதுகளின் நடுவில் நான் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தபோது எனக்குக் கேமராவும் தெரியாது, டேப்பும் தெரியாது. அப்பாவுக்கு ரயில்வேயில் வேலை. பிரிக்பீல்ட்ஸ் குவார்ட்டர்ஸில் பிறந்து வளர்ந்தவன் நான். விரிவுரைக் கூடங்களுக்குப் படம் காட்டும் புரொஜெக்டரைத் தூக்கிக்கொண்டு போக ஆள் வேண்டும் என்றார்கள். நேர்முகத் தேர்வில் கேள்வி ஒன்றும் பெரிதாக இல்லை. என் தோளைப் பார்த்தார்கள், வேலை கொடுத்துவிட்டார்கள். மருத்துவ மாணவர்களுக்கு அறுவை சிகிச்சைப் படம் போட்டு, அதைப் பார்த்து நானே இரண்டு முறை மயங்கி விழுந்ததைத் தவிர அந்த வருஷங்களில் சொல்லிக்கொள்ளும்படி எதுவும் நடக்கவில்லை. பிறகு வீடியோ வந்தது. மூன்று மாதப் பயிற்சிக்கு அனுப்பினார்கள். மீதியை மெஷினைத் திறந்து பார்த்துக் கற்றுக்கொண்டேன்.

கல்யாணமாகி கிள்ளானுக்குக் குடிபோனேன். சனி ஞாயிறுகளில் அங்கே கல்யாண வீடியோ எடுக்க ஆரம்பித்தேன். திரை முழுவதும் கறுப்பாகி, நடுவில் இதய வடிவத்தில் ஓர் ஓட்டை விழுந்து, அதற்குள் மாப்பிள்ளையும் பெண்ணும் மட்டும் தெரிவார்களே, அந்த வித்தையைக் கிள்ளான் வட்டாரத்தில் பரப்பிய பாவிகளில் நானும் ஒருவன். அந்த இதயம் பின்னால் மறுபடி வரும். கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் மூன்று பீடங்கள் சேர்ந்து ஒரு புதுப் படிப்பை நடத்தப்போவதாக அறிவிப்பு வந்தது. கலைப் பீடம் கதை சொல்லக் கற்றுத்தரும். பொறியியல் பீடம் கேமராவையும் ஒலியையும் கற்றுத்தரும். கணினிப் பீடம் எடுத்த படத்தைக் கம்ப்யூட்டருக்குள் கொண்டுபோகக் கற்றுத்தரும். மாணவர்களும் மூன்று பீடங்களிலிருந்தும் வருவார்கள், கலந்து கலந்து குழு அமைப்பார்கள். காகிதத்தில் படிக்க அருமையாக இருந்தது. நடைமுறையில் ஒரே அடுப்படியில் மூன்று மருமகள்கள்.

கேமரா பொறியியலின் சொத்து. டேப் கலைப் பீடத்தின் சொத்து. கம்ப்யூட்டர் கணினிப் பீடத்தின் சொத்து. அதன்மேல் போட்டிருந்த பூப்போட்ட உறையும் அவர்களுடையதுதான் என்று பட்டியலில் தனியாக எழுதியிருந்தார்கள். கேமராவை நிறுத்தும் முக்காலி மட்டும் எப்படியோ எவர் பட்டியலிலும் இல்லை. நல்ல கனமான, அசையாத முக்காலி. அதன் காலில் என் பெயரை எழுதி என் அறையிலேயே வைத்துக்கொண்டேன். அந்தப் பேராசைதான் பிறகு என் கழுத்தைப் பிடித்தது.

ஒரு மாணவன் இருபது நிமிடம் படம் எடுக்க வேண்டுமானால் ஒரு பாரத்தில் மூன்று கையெழுத்து வாங்க வேண்டும். பொறியியலில் காலையில்தான் கையெழுத்து. கலைப் பீடத்தில் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகுதான் ஆள் இருப்பார். கணினிப் பீடத்தில் ஆளே கிடையாது, ஒரு தட்டு இருக்கும். அதில் பாரத்தைப் போட்டுவிட்டு மூன்று நாள் காத்திருக்க வேண்டும். ரம்புத்தான் மரம் பழுத்துத் தொங்குவதைப் படமெடுக்க விரும்பிய ஒரு பையன், கையெழுத்து முடிந்து போனபோது அணில் தின்ற கொட்டைகளைப் படமெடுத்துக்கொண்டு வந்தான்.

படிப்பின் பெயரும் மாணவர்களுக்கு வசதியாகப் போய்விட்டது. சினிமா படிக்கிறேன் என்று சொன்னால் வீட்டில் அடி விழும். அதனால் அவரவர் வீட்டுக்கு ஏற்ற துண்டை மட்டும் சொல்லிக்கொண்டார்கள். கணினிப் பீடத்து சோங் தன் அப்பாவிடம் பொறியியல் படிப்பதாகச் சொல்லியிருந்தான். பொறியியல் ரஸ்லான் வீட்டில் செய்தி வாசிக்கப் படிப்பதாகச் சொல்லியிருந்தான். கலைப் பீடத்து தேவகி, கேரி தீவுச் செம்பனைத் தோட்டத்திலிருந்து பல்கலைக்கழகத்துக்கு வந்த முதல் பெண்களில் ஒருத்தி, கம்ப்யூட்டர் படிப்பதாகச் சொல்லியிருந்தாள். மூவரும் ஒரே குழு. யாரும் முழுப் பொய் சொல்லவில்லை.

இந்தக் கூத்துக்கெல்லாம் தலைவியாக வந்தவர் டாக்டர் பரமேஸ்வரி. இலக்கியக்காரர். ஒல்லியான உருவம், கஞ்சி போட்ட கைத்தறிப் புடவை. கேமராவில் எந்தப் பக்கமாகப் பார்க்க வேண்டும் என்று முதல் நாள் என்னிடம்தான் கேட்டுக்கொண்டார். அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. அவரிடம் இருந்த ஒரே ஆயுதம் ஒரு சொல். நீங்கள் என்ன சொன்னாலும் தலையைச் சற்றுச் சாய்த்து, உண்மையான ஆவலோடு, "அப்புறம்?" என்பார்.

எந்த மாணவனும் கேமராவைத் தொடுவதற்கு முன் தன் படத்தை அவரிடம் வாயால் சொல்லியாக வேண்டும். ஒரு பையன் கார் துரத்தும் படம் எடுக்க ஆசைப்பட்டு வந்தான்.

"ஒரு கார் வேகமா வருது டாக்டர்."

"அப்புறம்?"

"பின்னாடியே இன்னொரு கார் வருது."

"அப்புறம்?"

"ரெண்டும் மோதுது."

"அப்புறம்?"

"போலீஸ் வருது."

"அப்புறம்?"

பையன் நெற்றியைத் துடைத்துக்கொண்டான். "டாக்டர், நான் வேற கதை யோசிச்சிட்டு வரேன்."

போகும்போது அவன் முகத்தைப் பார்த்து நான் சிரித்தேன். டாக்டர் எதிரே அவன் உட்கார்ந்திருந்த நாற்காலியில் நானும் ஒருநாள் உட்காரப்போகிறேன் என்று அப்போது தெரியாது.

இனி என் ராஜ்ஜியத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் டேப் ஒரு தடித்த அகராதி அளவு இருக்கும். வெளியே எடுத்துப்போகும் டேப்பில் இருபது நிமிடம் பதியலாம். பெட்டியின் அடியில் ஓர் ஓட்டை, அதில் சிவப்புப் பிளாஸ்டிக் பட்டன் ஒன்று செருகியிருக்கும். பட்டன் இருந்தால் அந்த டேப்பில் புதிதாகப் பதியலாம், பழையது அழிந்துவிடும். பட்டனைப் பிடுங்கிவிட்டால் எந்த மெஷினாலும் அதை அழிக்க முடியாது. அவ்வளவுதான் விஷயம். ஆனால் இதை வைத்து நான் ஒரு சட்டப் புத்தகமே போட்டிருந்தேன்.

படம் எடுத்து முடிந்த இடத்திலேயே பட்டனைப் பிடுங்க வேண்டும். டேப்பையும் பட்டனையும் தனித்தனியாக என்னிடம் ஒப்படைக்க வேண்டும். பட்டன் என் மேசையிலிருந்த பால்மாவு டின்னுக்குள் போகும். டேப் அலமாரிக்குள் போகும். பட்டனோடு மேசையில் கிடக்கும் டேப் எல்லாம் மறுபடி பயன்படுத்த வேண்டியவை. வெள்ளிக்கிழமை மதியம் அவற்றில் முதலிலிருந்து கடைசிவரை வெறும் கறுப்பைப் பதிந்துவைப்பேன். கறுப்படிப்பது என்போம். அப்படி ஒரே சீராகக் கறுப்பு ஓடியிருந்தால்தான் பிறகு அதன்மேல் காட்சிகளை வெட்டி ஒட்டும்போது மெஷின் தடுமாறாது. கறுப்படிக்குமுன் பழைய லேபிளை உரித்துக் குப்பைக்கூடையின் விளிம்பில் ஒட்டுவேன். லேபிளில் என்ன எழுதியிருக்கிறது என்று படிக்க மாட்டேன். வருஷத்துக்கு ஒரு முறை புது மாணவர்களுக்கு வகுப்பெடுக்க டாக்டர் என்னை அழைப்பார். அப்போது மார்பை நிமிர்த்திக்கொண்டு சொல்வேன்: "லேபிள் பொய் சொல்லும், பட்டன் சொல்லாது." குறித்துக்கொள்வார்கள். எனக்குப் பெருமையாக இருக்கும்.

தேவகி குழுவின் இறுதியாண்டுப் படம் ஒரு செம்பனைக் குலையைப் பற்றியது. கேரி தீவில் மரத்திலிருந்து விழும் குலை, ஆலைக்குப் போய் எண்ணெயாகி, கடைசியில் பிரிக்பீல்ட்ஸ் மளிகைக்கடையில் சோப்பாக உட்காருவது வரை. ஆலை மெஷின்களை ரஸ்லான் பார்த்துக்கொண்டான். எண்ணெய் சோப்பாவதைச் சோங் கம்ப்யூட்டரில் வரைந்தான். ஒரு குமிழி உருவாவதற்குள் நாங்கள் கடைக்குப் போய் ஒரு தே தாரிக் டீ குடித்துவிட்டு வந்துவிடலாம். குலை வெட்டுகிற மனிதராகத் தேவகியின் அப்பா மாரிமுத்து. நீளக் கம்பில் அரிவாளைக் கட்டி, அண்ணாந்து பார்த்தபடி முப்பது வருஷம் குலை வெட்டியவர். மகள் எத்தனையோ முறை கேட்டும் பேச மறுத்தவர், ஒருநாள் ஒரே ஒரு முறை என்று உட்கார்ந்து பதினெட்டு நிமிடம் பேசினார். ரஸ்லான் கேமராவைப் பிடித்தான், சோங் மைக்கைப் பிடித்தான். இருவருக்கும் தமிழ் ஒரு வார்த்தை தெரியாது. கேட்டவள் தேவகி ஒருத்திதான்.

அது வியாழக்கிழமை. மறுநாள் காலை தேவகி என் அறைக்கு வந்தாள். சட்டப்படி பட்டனைப் பிடுங்கி, ஒரு வெள்ளைத்தாளில் மடித்துத் தனியாகக் கொண்டுவந்திருந்தாள். திங்கட்கிழமை வந்து பிரதி எடுத்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டு வகுப்புக்கு ஓடினாள். நான் இடது கையில் டேப்பும் வலது கையில் பட்டனுமாக எழுந்த அந்த நேரத்தில் தொலைபேசி அடித்தது.

பொறியியல் பீடத்து ஸ்டோர்காரர். "அந்த முக்காலி எங்களுதுன்னு நெனைக்கிறோம்லா. யாரோ அதுல பேர் எழுதி வெச்சிருக்காங்களாம்?" என்றார்.

எனக்கு வந்த கோபம் சாதாரணமானதல்ல. ரிசீவரைக் காதுக்கும் தோளுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டு கால் மணி நேரம் வாதாடினேன். முக்காலியின் பிறப்பு, வளர்ப்பு, அதற்கு நான் எண்ணெய் போட்ட நாட்கள் எல்லாவற்றையும் சொன்னேன். அந்தக் கால் மணி நேரத்தில் என் விரல்கள், பேனா மூடியைத் தன்போக்கில் மூடுவதுபோல, பட்டனை அதன் ஓட்டையில் அழகாகச் செருகிவிட்டன. டேப்பை மேசையில் வைத்தேன். முக்காலியைக் காப்பாற்றிவிட்ட மகிழ்ச்சியில் வெளியே போய் இரண்டு வடை தின்றேன்.

மதியம் வந்து, மேசையில் பட்டனோடு இருந்த டேப் அத்தனைக்கும் கறுப்படித்தேன்.

திங்கட்கிழமை தேவகி வரும் நேரத்தில் அலமாரியில் அவள் டேப்பைத் தேடினேன். இல்லை. மேல்தட்டு, கீழ்த்தட்டு, பின்பக்கம், எங்கும் இல்லை. திரும்பியபோது குப்பைக்கூடையின் விளிம்பில் ஒட்டியிருந்த லேபிள் கண்ணில் பட்டது. தேவகியின் உருண்டையான எழுத்து. 'கேரி தீவு. அப்பா. 18 நிமிடம்.'

டேப்பைப் போட்டுப் பார்த்தேன். கறுப்பு. வேகமாக ஓட்டினேன். கறுப்பு. கடைசிவரை ஒரு புள்ளி இல்லை, ஒரு கோடு இல்லை. அவ்வளவு சுத்தமான கறுப்பை என் வாழ்நாளில் நான் அடித்ததில்லை.

நேராக டாக்டரின் அறைக்குப் போனேன். அந்த நாற்காலியில் உட்கார்ந்தேன்.

"டாக்டர், வெள்ளிக்கெழம தேவகி ஒரு டேப் கொண்டாந்துச்சு."

"அப்புறம்?"

"பட்டனத் தனியா குடுத்துச்சு."

"அப்புறம்?"

முக்காலி பற்றிச் சொல்லாமல் தாண்டிவிடலாம் என்று நினைத்திருந்தேன். அந்த ஆவலான முகத்தைப் பார்த்ததும் முடியவில்லை. முக்காலியும் வந்தது, என் பெயரை எழுதியதும் வந்தது, வடைகூட வந்துவிட்டது. கடைசியில் மூச்சு வாங்கிக்கொண்டு நிறுத்தினேன்.

"அப்புறம்?"

"அப்புறம் ஒண்ணும் இல்ல டாக்டர். கறுப்புதான்."

அவர் திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "இல்ல மிஸ்டர் மாணிக்கம், கதை இன்னும் முடியல. நீங்க தேவகிகிட்ட இன்னும் சொல்லல. அத உங்களுக்காக நான் சொல்லமாட்டேன். பதிவேட்டுல எழுதிட்டு, அவகிட்ட சொல்லிட்டு வாங்க. அப்புறம் என்னன்னு பாப்போம்" என்றார்.

தேவகி அழவில்லை. அறைக்கு வெளியே இருந்த படிக்கட்டில் உட்கார்ந்து, "எல்லாமேவா அங்கிள்?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டாள். எல்லாமேதான் என்றேன். பிறகு அந்த டேப்பில் என்ன இருந்தது என்று சொன்னாள்.

குலை வெட்டுவதைப் பற்றித்தான் அப்பா பேச்சை ஆரம்பித்திருக்கிறார். நடுவில் நிறுத்தி, கேமராவைக் காட்டி, "இது கம்ப்யூட்டர் இல்ல. இத நான் கல்யாணத்துல பாத்திருக்கேன். நீ கம்ப்யூட்டர் படிக்கலன்னு எனக்குத் தெரியும். பரவால்ல, இதையே படி. எனக்குச் சம்மதம்" என்றிருக்கிறார்.

"வீட்டுல அம்மா முன்னாடி அப்பா வாயே தெறக்கமாட்டாரு அங்கிள். தீபாவளிக்குப் பெரியப்பா மாப்பிள்ளைய முடிவு பண்ண வராரு. படிச்சது போதும்னு சொல்லப்போறாங்க. அந்த டேப்ப அம்மாகிட்ட போட்டுக் காட்டலாம்னு இருந்தேன். அது ஒண்ணுதான் எனக்குச் சாட்சி."

எனக்கும் இரண்டு பெண்பிள்ளைகள். அந்தப் படிக்கட்டில் நின்றபோது எனக்கு இருந்த அவமானத்தை இப்போதும் சரியாக எழுத முடியவில்லை. இரண்டு வாரத்தில் மூன்று பீடத்துத் தேர்வாளர்களும் படத்தைப் பார்க்க வருகிறார்கள். அவள் பட்டமும் போகும், அவளைத் தொடர்ந்து படிக்க வைக்கும் சாட்சியும் போய்விட்டது.

ரஸ்லானும் சோங்கும் தங்களால் ஆனதைச் செய்தார்கள். அழிந்ததற்கு அடியில் ஏதாவது மிச்சம் இருக்கும் என்று ரஸ்லான் பொறியியல் ஆய்வகத்திலிருந்து, அலைகளைக் கோடாகக் காட்டும் ஒரு மெஷினைக் கொண்டுவந்து இரண்டு நாள் உட்கார்ந்தான். பச்சைத் திரையில் ஒரு கோடு மெல்ல நடுங்கியது. "திஸ் ஒன் மே பி யுவர் ஃபாதர்" என்று தேவகியிடம் நம்பிக்கையோடு காட்டினான். சோங்கின் கம்ப்யூட்டரில் ஒரே ஒரு படம் தப்பியிருந்தது. குமிழி வரைந்து பார்ப்பதற்காக வெள்ளிக்கிழமை காலை தேவகி என்னிடம் வருவதற்கு முன்னால் அவன் டேப்பிலிருந்து எடுத்துவைத்த அசையாத படம். அதில் மாரிமுத்து பாதி வாய் திறந்திருந்தார். எதைச் சொல்லும்போது எடுத்தது என்று தேவகிக்கே தெரியவில்லை.

"நான் வந்து அப்பாகிட்ட கேக்கறேன்" என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை என் பழைய காரில் மூன்று பேரையும், கேமராவையும், அந்த முக்காலியையும் ஏற்றிக்கொண்டு கேரி தீவுக்குப் போனேன். வழியெல்லாம் என்ன பேசுவது என்று ஒத்திகை பார்த்தேன். மாரிமுத்து வீட்டு வாசலில் கம்பைச் சாய்த்து வைத்து அரிவாளைத் தீட்டிக்கொண்டிருந்தார். அந்தக் காட்சியே என் ஒத்திகையில் பாதியை மறக்கடித்துவிட்டது.

"அண்ணே, நான் தேவகி படிக்கிற எடத்துல வேல பாக்கறேன். போன வாரம் நீங்க பேசுனது..." என்று தொடங்கி நடந்ததைச் சொன்னேன். அவர் தீட்டுவதை நிறுத்தி என் முகத்தையே உற்றுப் பார்த்தார்.

"நீ கிள்ளான்ல கல்யாண வீடியோ எடுக்கறவன்தானே?"

"ஆமாண்ணே."

"எங்க தங்கச்சி மவ கலா கல்யாணத்துல மாப்ளையையும் பொண்ணையும் இதயத்துக்குள்ள போட்டது நீதானே?"

"இருக்கலாம்ணே."

"இருக்கலாம் என்ன இருக்கலாம்! தாய்மாமன் நான். பக்கத்துல நின்னு அட்சத போடறேன். நீ போட்ட இதயத்துல என் கை மட்டும்தான் தெரியுது. யார்ரா இந்தக் கையின்னு ஆறு வருஷமா சொந்தக்காரனெல்லாம் கேட்டுச் சிரிக்கிறான். அன்னிக்கும் என்னைய கறுப்பாக்குன. இப்பவும் கறுப்பாக்கிட்டு வந்து நிக்கிற. அப்படி என்ன தம்பி ஒனக்கு எம்மேல?"

ரஸ்லானும் சோங்கும் ஒன்றும் புரியாமல் அரிவாளையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்கள். தேவகி வாயைப் பொத்திக்கொண்டு திரும்பி நின்றாள். சத்தம் கேட்டு அவள் அம்மா அஞ்சலை கையில் கரண்டியோடு வாசலுக்கு வந்தார்.

மன்னிப்புக் கேட்டேன். அவர் அரிவாளைக் கீழே வைத்தார். பிறகு முற்றத்தில் கிடந்த பெஞ்சைக் காட்டி, "சரி, பேசறேன். ஆனா மொதல்ல நீ ஒக்காரு. ஒன் வேல என்னா, என்னா தப்புப் பண்ணுன, இதப் பாத்துச் சொல்லு. எல்லாரும் பாக்கட்டும். அப்புறம் நான் பேசறேன்" என்றார்.

அப்படித்தான் வாழ்க்கையில் முதல்முறையாக நான் கேமராவுக்கு முன்னால் உட்கார்ந்தேன். என் பெயர் எழுதிய முக்காலியின் மேலிருந்த கேமரா என்னையே பார்த்தது. எத்தனையோ மணமக்களை அங்கே பாருங்கள், சிரியுங்கள் என்று விரட்டியிருக்கிறேன். அது எவ்வளவு கஷ்டம் என்று அன்றுதான் தெரிந்தது. பட்டன், பால்மாவு டின், கறுப்படிப்பது, முக்காலிச் சண்டை, வடை எல்லாவற்றையும் சொன்னேன். "லேபிளப் படிக்காம விட்டது என் திமிரு. இந்தப் பொண்ணோட உழைப்ப அழிச்சிட்டேன்" என்று சொல்லி முடித்தேன்.

மாரிமுத்து வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். குலையைப் பற்றிப் பேசுவார் என்று எல்லோரும் காத்திருந்தோம். அவர் கரண்டியோடு நின்ற மனைவியைப் பார்த்தார். பிறகு கேமராவைப் பார்த்தார்.

"இவரு இத்தன வருஷம் வேல பாத்தவரு, தப்புன்னு வந்து ஒத்துக்கிட்டாரு. நானும் ஒண்ணு ஒத்துக்கணும். அஞ்சல, கேட்டுக்க. ஒம் மவ கம்ப்யூட்டர் படிக்கல. இந்தப் படம் புடிக்கிற படிப்புத்தான் படிக்கிறா. எனக்கு நாலு மாசமா தெரியும். ஒங்கிட்ட சொல்லப் பயந்துகிட்டு மறச்சிட்டேன். அவ படிக்கட்டும். அண்ணன் வந்தா நான் பேசிக்கறேன்."

தேவகி ரஸ்லானுக்குப் பின்னால் ஒதுங்கிக்கொண்டாள்.

"எனக்கு மொத வருஷமே தெரியும்" என்றார் அஞ்சலை.

அப்பாவும் மகளும் ஒன்றாகத் திரும்பிப் பார்த்தார்கள்.

"கம்ப்யூட்டரு படிக்கிற புள்ளைங்க ஏர்கோன்ல ஒக்காந்து வெள்ளையாவுதுங்க. இவ ஒவ்வொரு லீவுக்கும் வெயில்ல நின்னு கறுத்துப்போய் வரா. எனக்குத் தெரியாதா? நீங்களா சொல்லுவீங்களான்னு பாத்துகிட்டு இருந்தேன். சோறு ஆவுது, பேசி முடிச்சிட்டு வாங்க" என்று கரண்டியோடு உள்ளே போய்விட்டார்.

அதன்பிறகு மாரிமுத்து குலையைப் பற்றி நிறுத்தாமல் பேசினார். டேப் தீரும்வரை பேசினார். தமிழ் தெரியாத ரஸ்லான் கேமராவுக்குப் பின்னாலிருந்து கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தான். என்ன புரிந்தது என்று பிறகு கேட்டேன். "நத்திங், அங்கிள். பட் ஐ நோ இட் வாஸ் குட்" என்றான்.

டேப்பை வெளியே எடுத்ததும் நான் அதன் பட்டனைப் பிடுங்கினேன். பையில் போடப்போனேன். மாரிமுத்து கையை நீட்டினார்.

"இது இல்லன்னா அழிக்க முடியாதுன்னுதானே சொன்ன?"

"ஆமாண்ணே."

"அப்ப இது எங்கிட்டயே இருக்கட்டும்."

சட்டைப்பையில் போட்டு மேலே ஒரு தட்டுத் தட்டிக்கொண்டார். நான் போட்ட சட்டத்தில் இதற்கு இடமில்லை. திருப்பிக் கேட்காமல் சாப்பிடப் போனேன்.

படம் திரையிடப்பட்ட அன்று மூன்று பீடத்துக்காரர்களும் மூன்று வரிசையில் தனித்தனியாக உட்கார்ந்திருந்தார்கள். டாக்டர் பரமேஸ்வரி நடுவில். மாரிமுத்துவும் அஞ்சலையும் தோட்டத்து வேனில் வந்து, புதுத் துணியில், கடைசி வரிசையில் என் மெஷினுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டார்கள். நான் டேப்பைப் போட்டேன். விளக்குகள் அணைந்தன. எந்தப் படத்துக்கும் முன்னால் கொஞ்ச நேரம் வெறும் கறுப்பு ஓடும், அது எங்கள் தொழில் முறை. அதை மாரிமுத்துவிடம் முன்கூட்டியே சொல்லி வைக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை.

திரை கறுப்பாகவே இருந்தது. இரண்டு நொடி, மூன்று நொடி, நான்கு நொடி. பக்கத்தில் நாற்காலி கிறீச்சிட்டது.

"மறுபடியும் அழிச்சிட்டான்!" மாரிமுத்து எழுந்து நின்று சட்டைப்பையிலிருந்து பட்டனை எடுத்து, அந்த இருட்டில் எல்லோருக்கும் தெரியும்படி உயர்த்திப் பிடித்தார். "பட்டன் எங்கிட்ட இருக்கு! எப்பிடிடா அழிச்ச?"

கூடமே திரும்பிப் பார்த்தது. அப்போது திரையில் வெளிச்சம் வந்தது. முழுத்திரைக்கும் மாரிமுத்துவின் முகம். நடுவில் இதயம் இல்லை, ஓரத்தில் கறுப்பு இல்லை. அவர் கையைத் தூக்கியபடியே நின்று தன்னைப் பார்த்தார்.

நடுவரிசையிலிருந்து டாக்டரின் குரல் மட்டும் மெல்ல வந்தது.

"அப்புறம்?"